பதினேழாம் கேள்வி

மூன்று பள்ளிக்கூடங்கள், ஒரு நூலகம், நீச்சல்குளம், கவுன்சில் ஆபீஸ், ஏழு பொதுக் கழிப்பிடங்கள். இதுநாள்வரை தனித்தனியாக இருந்த துப்புரவு வேலையையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ஐந்து வருஷத்துக்கு ஒரே ஆளிடம் கொடுக்கப்போவதாகக் கவுன்சில்காரர்கள் டெண்டர் விட்டுவிட்டார்கள். யார் கொடுத்த யோசனையோ, அவன் வாயில் எங்கள் ஊர் மண்ணைத்தான் போடவேண்டும்.

அந்த மூன்று பள்ளிக்கூடங்களையும் பதினான்கு வருஷமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள் மாசினா. சமோவாக்காரி, ஐம்பத்திரண்டு வயது. அவளிடம் நாங்கள் பதினொரு பெண்கள் வேலை பார்த்தோம். பெரும்பாலும் அவளுடைய வேதக்கோயில் பெண்கள். தேரே, நான் ஒருத்திதான் வேறு. என் அப்பா ராரோடோங்கா தீவிலிருந்து இந்த ஊர் ரங்கிமோனா காகித மில்லுக்கு வந்தவர். மில் பாதியாகச் சுருங்கி, என் புருஷனும் போய்ச்சேர்ந்த பிறகு, துடைப்பத்தைக் கையில் கொடுத்து என்னை நிமிர்த்தியவள் அவள்தான். மூட்டை மாசினா கைக்கு வந்தால் இன்னும் ஆறு பேருக்கு வேலை கிடைக்கும். கைவிட்டுப் போனால் பன்னிரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டவேண்டியதுதான். எங்கள் ஊர்க் குளிரில் ஓட்டுவதற்கு ஈயும் கிடைக்காது.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை இடம் பார்க்கும் நாள். டெண்டர் போடுகிறவர்கள் வந்து நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். வராதவர்களின் விண்ணப்பம் செல்லாது. எங்கள் பக்கத்தில் ஜூன் குளிர்காலம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மில்லின் புகை மேலே போக மனமில்லாமல் கூரைக்கு மேலேயே நின்றது. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் என்பதால் மாசினா என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கவுன்சில் சார்பில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தவன் கலேப்போ. கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, டெண்டருக்கு மார்க் போடும் மூன்று பேரில் ஒருவன். மாசினாவின் புருஷன் பேனியும் கலேப்போவின் அப்பாவும் சமோவாவின் சவாயீ தீவில் ஒரே கிராமம். முந்தின நாள் கோயிலில் மாசினாவுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து, “அக்கா, தொப்பியைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோ, பாஸ்டரே தெரியல” என்று கிசுகிசுத்தவன், இன்றைக்குத் தாள் செருகிய அட்டையை நீட்டிக்கொண்டு, “இதுல கையெழுத்துப் போடுங்க மேடம்” என்றான்.

“மேடமா?” என்றேன் நான்.

“சும்மா இருங்கக்கா” என்று மாசினா என் இடுப்பில் குத்தினாள். “சட்டம் அது. முடிவு சொல்ற வரைக்கும் அவன் என்கிட்ட பேசக்கூடாது, நான் அவன்கிட்ட பேசக்கூடாது.”

அதெல்லாம் முதலிலேயே பேசி முடித்திருந்தார்கள். மாசினாவையும் பேனியையும் தனக்குத் தெரியும், ஒரே கோயில், ஒரே ஊர் என்று கலேப்போ எழுதிக் கொடுத்திருந்தான். இந்த ஊரில் யாருக்குத்தான் யாரைத் தெரியாது என்று கவுன்சிலும் விட்டுவிட்டது. ஆனால் விதி விதிதான். கேள்வி ஏதாவது இருந்தால் கவுன்சிலின் வலைத்தளத்தில் எழுதிப் போடவேண்டும். பதில் எல்லோருக்கும் பொதுவாக வரும். டெண்டர் போடுகிறவர்கள் மார்க் போடுகிறவர்களுக்கு ஒரு கப் டீகூட வாங்கித் தரக்கூடாது. தந்தால் விண்ணப்பம் குப்பைக்குப் போய்விடும்.

ஆக்லாந்து கம்பெனியிலிருந்து கிரெய்க் என்று ஒருத்தன் வந்திருந்தான். கையில் ஒரு சின்னக் கருவி. சுவரைப் பார்த்துப் பிடித்தால் சிவப்புப் புள்ளி விழும், உடனே அறையின் நீளம் வந்துவிடும். வகுப்பு வகுப்பாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான். கெட்டவனாகத் தெரியவில்லை.

“இந்த ஸ்கூலுக்கு வாரம் முப்பது மணி நேரம். தாராளமாப் போதும்” என்றான்.

“எந்த ஊரு மணி நேரம் தம்பி அது?” என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. எங்கள் ஊரின் கீழே முழுக்க நுரைக்கல். எப்போதோ எரிமலை கக்கியது. பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்தால் ஷூவில் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதன்மேல் ஈரத் துடைப்பத்தைப் போட்டால் போச்சு, கூழாகிவிடும், காய்ந்தபின் கண்ணாடித்தூள் மாதிரி தரையை அறுக்கும். முதலில் இரண்டு தடவை தண்ணீர் படாமல் கூட்டவேண்டும், பிறகு உறிஞ்சும் மிஷின், பிறகுதான் தண்ணீர். மாசினா தன் விண்ணப்பத்தில் அந்தப் பள்ளிக்கு நாற்பத்தாறு மணி நேரம் என்று எழுதப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒரு நிமிஷம்கூடப் பொய் கிடையாது. கலேப்போ சின்ன வயதில் நீச்சல்குளத்தில் தரை துடைத்தவன். அவனுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லக்கூடாது, சொல்லவுமில்லை. தன் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெண்டர் எழுதியவள் மாசினாவின் மகள் தூலியா. பகலில் மருந்துக்கடையில் வேலை, சாயங்காலம் சமையலறை மேஜையில் மடிக்கணினி. ஒரு பக்கம் மாசினா சேப்பங்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருப்பாள். கதவோரம் பேனி, மில்லில் முதுகு போன மனுஷன், எங்கள் மிஷின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தலையணைமேல் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதால் நானும் அங்கேதான் இருப்பேன். அறுபத்திரண்டு பக்கம் கேள்வி. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ!

“உங்கள் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் கொள்கை என்ன?” என்று தூலியா வாசிப்பாள்.

“தண்ணிய வீணாக்காதீங்கன்னு தேரேக்காவைத் திட்டுவேன். அதான் கொள்கை.”

“அம்மா!”

“பின்னே என்னடி? ஒரு வாளி போதும்கற இடத்துல மூணு வாளி ஊத்துறாங்க. கேட்டா, தீவுல மழை ஜாஸ்தி, பழக்கம்கறாங்க.”

“எங்க ஊர் மழையைப் பத்திப் பேசாதே” என்பேன்.

“அவசர நிலையை எப்படிக் கையாள்வீர்கள்?”

“ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பண்ணுவாங்க. பிள்ளை வாந்தி எடுத்துட்டான்னு சொல்லுவாங்க. நான் போவேன். இதுக்கு எதுக்கு அரைப்பக்கம் விட்டிருக்காங்க?”

தூலியா தலையில் அடித்துக்கொண்டே அதையெல்லாம் கவுன்சில் பாஷையில் மாற்றித் தட்டுவாள். அவள் வாசித்துக் காட்டும்போது எங்களுக்கே நாங்கள் யாரோ பெரிய மனுஷர்கள் என்று தோன்றும். பேனி மிஷினின் வயிற்றிலிருந்து ஒரு பிடித் தூளை எடுத்து, “இதையும் ஒரு கவர்ல போட்டு அனுப்பு. மார்க் கூடப் போடுவாங்க” என்பார்.

எழுத உட்கார்ந்த மூன்றாவது வாரம் புதன்கிழமை, பேனியின் போன் அடித்தது. எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார். சாவுச் செய்தி என்று அப்போதே தெரிந்துவிட்டது. கலேப்போவின் அப்பா, லெமாலு பெரியவர், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சமோவாவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஆட்கள் வரவேண்டும் என்பதால் அடக்கம் அடுத்த வாரம் சனிக்கிழமை. டெண்டருக்குக் கடைசி நாள் அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம்.

“பாயை எடுத்து உதறிக் காயப்போடணும்” என்றார் பேனி.

அவர் சொன்னது தரையில் விரிக்கும் பாய் இல்லை. தாழை ஓலையை நூல்போலக் கிழித்து வருஷக்கணக்கில் முடைந்து, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்த தாழம்பாய். நல்லது கெட்டதுக்கு ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் போகும், மற்ற நாளில் மெத்தைக்கு அடியில் கிடக்கும்.

தூலியா கணினியை மூடவில்லை. “அப்பா, முடியாதுப்பா” என்றாள். “ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. மார்க் போடுறவங்களுக்கோ அவங்க குடும்பத்துக்கோ எந்தப் பரிசும் குடுக்கக்கூடாது.”

“பரிசா? யாருடி பரிசு குடுக்கறா? செய்முறைடி அது!”

“அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“சாவுக்குக்கூடவா சட்டம் போட்டிருக்கான்?”

மாசினா கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இறந்தபோது லெமாலு வீட்டார் வந்து இறங்கியதை ஊரே பார்த்தது. பெரிய பாய் ஒன்று, சின்னதாகப் பத்து, டப்பா இறைச்சி பெட்டி பெட்டியாக, ஒரு முழு மாடு. பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, செத்தவளின் பரம்பரையைப் பத்துத் தலைமுறைக்குச் சொல்லி முடித்தார். அப்படிச் செய்த வீட்டில் சாவு. இவள் போகாவிட்டால் கோயிலில் தலை நிமிரமுடியாது. பாயோடு போனால் டெண்டர் போச்சு, வெறுங்கையோடு சாவு வீட்டுக்குப் போகிற வழக்கமும் கிடையாது. இதற்கு நடுவில் நிற்க இடமே இல்லை.

கிழங்கு நறுக்கி முடிந்தது. கையைக் கழுவிவிட்டு மாசினா சொன்னாள்: “நான் போகல.”

பேனி அவளைப் பார்த்தார்.

“நீயும் போகக்கூடாதுய்யா. கம்பெனிப் பேப்பர்ல உன் கையெழுத்தும் இருக்கு.”

“புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? உங்கம்மா பெட்டிகிட்ட—”

“தெரியும். எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம். பதினோரு பொம்பளைங்க இருக்காங்க. தேரேக்காவுக்கு அறுபத்தொண்ணு. முட்டி ரெண்டும் போச்சு. அவங்களை வேற எவன் வேலைக்கு வெப்பான்?”

“என்னை ஏன் இதுல இழுக்கறே?” என்றேன். கோபம் வந்தது. ஆனால் உண்மைதான், எவனும் வைக்கமாட்டான்.

“நாளைக்கு எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவே?” என்றார் பேனி.

“மூஞ்சியை நான் பாத்துக்கறேன். நீ மிஷினைப் பாரு.”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அப்படியே இருந்தது. நான் மட்டும் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பசித்தது.

மறுநாள் பள்ளி விட்டபிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கழிப்பிடத்தில் மாசினாவும் நானும் வேலை செய்துகொண்டிருந்தோம். அந்தத் தொட்டிகள் முழங்கால் உயரம்தான் இருக்கும், குனிந்தே தேய்க்கவேண்டும். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சுத்தமாகிவிட்டதையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

“போதும் மாசினா, வெள்ளை போயிடப்போகுது.”

“தேரேக்கா” என்றாள், நிமிராமலே. “அந்த மனுஷன் எங்கம்மாவுக்காக ஒரு மணி நேரம் நின்னாரு. கால் வீங்கியிருந்துது. உக்காருங்கன்னு சொன்னேன். உன் அம்மாவை உக்காந்துக்கிட்டா அனுப்புவேன்னு கேட்டாரு.”

பிறகு அழுதாள். வாய்விட்டுத்தான் அழுதாள். ஓடுகளில் பட்டு எதிரொலித்தது. நான் குழாயைத் திறந்துவிட்டேன், யாராவது நடைபாதையில் வந்தால் கேட்கக்கூடாது என்று. ஒரு வாளிக்கு மேல் ஓடியிருக்கும். அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை.

வீட்டில் பேனி பேச்சை நிறுத்திவிட்டார். உப்பைக்கூட மகளிடம்தான் கேட்டார். இரண்டு பேரும் தட்டைத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு எழுந்தார்கள். தூலியாவால் தாங்கமுடியவில்லை. வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் உட்கார்ந்தபடியே, அம்மாவிடமும் சொல்லாமல் அப்பாவிடமும் சொல்லாமல், கவுன்சிலின் வலைத்தளத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டாள். கேட்டால் அனுமதி கிடைக்கும் என்று நினைத்திருக்கிறாள். படித்த பிள்ளைகளுக்கு எதையும் எழுதிக் கேட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

திங்கட்கிழமை பதில் வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை. டெண்டர் போடும் ஐந்து கம்பெனிக்கும் வந்தது, ஊரே பார்க்கிற வலைத்தளத்திலும் ஏறியது. கேட்டவர் பெயர் கிடையாது, விதி அப்படி.

கேள்வி 17: மதிப்பீட்டுக் குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டில் துக்கம் நிகழ்ந்தால், விண்ணப்பதாரர் வழக்கப்படியான பாயும் உணவும் கொண்டுசென்று அடக்கத்தில் கலந்துகொள்ளலாமா?

பதில்: கலந்துகொள்ள ஆட்சேபணை இல்லை. ஒப்பந்த முடிவு அறிவிக்கப்படும்வரை எந்தப் பொருளும் கொடுக்கவோ பெறவோ கூடாது.

கேள்வி பதினாறு சோப்பு டப்பாக்களைப் பற்றியது. கேள்வி பதினெட்டு வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியது.

பெயர் போடாவிட்டால் என்ன? பாயைப் பற்றிக் கேட்க எங்கள் ஊரில் வேறு யார் டெண்டர் போடுகிறார்கள்? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாசினாவும் நானும் மீன்கடைக்குப் போனோம். கடைக்கார டெரன்ஸ் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து, “என்ன மாசினா, மீன் திங்கறதுக்குக் கவுன்சில்ல எழுதிக் கேட்டாச்சா?” என்றான். அவன் கேலிக்காரன், மனசில் ஒன்றும் கிடையாது. மாசினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண்தான் போனில் எடுத்துக் காட்டினாள். மாசினா படித்தாள், மீனை வாங்காமலே வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து மகளுக்கு முன்னால் நின்றவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“யாரைக் கேட்டுடி எழுதினே?”

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடாம...”

“சாப்பிடலேன்னா செத்தா போயிடுவோம்? நான் பாட்டுக்கு வாயை மூடிட்டு வீட்டுல இருந்திருப்பேன். மாசினாவுக்கு உடம்பு முடியலன்னு நாலு பேரு சொல்லியிருப்பாங்க. அதோட போயிருக்கும். இப்ப என்ன ஆச்சு? வெறுங்கையோட சாவுக்குப் போயிக்கோன்னு பேப்பர் குடுத்திருக்கான்! வெறுங்கையோட போறதுக்குப் போகாமலே இருக்கலாம். கேள்வியெல்லாம் யாருடி படிக்கறது? அவன்தானே? அப்பனை ஆஸ்பத்திரிப் பெட்டியில வெச்சிட்டு, ஆபீஸ்ல உக்காந்து அந்தப் பிள்ளை இதைப் படிச்சிருப்பான்டி!”

தூலியா முகத்தை மூடிக்கொண்டாள். பேனி நான்கு நாளாகப் பேசாதவர், மெதுவாக, “அவளை விடு. அவ நம்மளுக்காகத்தான் கேட்டா” என்றார்.

“கேட்டது கேட்டதா இருக்கட்டும். நான் போகலேன்னா போகல. சனிக்கிழமை ஸ்கூல் ஹால் தரை. லீவு விட்டுடுவாங்க. பழைய மெழுகை உரிச்சுப் புதுசு போடணும். எல்லாரும் காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. தேரேக்கா, நீங்களும்தான்.”

கோயில் மணி பள்ளி ஹாலுக்குள் கேட்காது. உரிக்கும் மிஷின் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதற்காகத்தான் அந்த நாளைப் பொறுக்கினாள் என்று எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை நானே ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். “வெறுங்கையோடவாவது போய்ப் பின்னால நின்னுட்டு வாயேன்” என்றேன். “மூணாவது தடவை சொல்றேன், போகமாட்டேன்” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொரு அறிவிப்பு வந்தது. தூலியா அதை நின்றுகொண்டே வாசித்தாள். மதிப்பீட்டுக் குழுவிலிருந்து கலேப்போ சொந்தக் காரணத்தால் விலகிக்கொள்கிறார். அவருக்குப் பதிலாக ஹாமில்டனிலிருந்து ஒரு ஆலோசகர் மார்க் போடுவார். கலேப்போ இனி இந்த டெண்டருடன் சம்பந்தப்பட்டவர் அல்ல.

இரண்டு முறை வாசிக்கச் சொன்னார் பேனி. பிறகு முதுகு வலியையும் பார்க்காமல் படுக்கையறைக்குப் போய் மெத்தையைத் தூக்கினார். “மாசினா, வா, அந்தப் பக்கம் பிடி” என்று கத்தினார். மாசினா ஓடினாள். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பதும் இருமுவதும் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. போகலாம், பாயோடு போகலாம், விண்ணப்பமும் செல்லும்.

தூலியா மட்டும் அசையவில்லை. “அத்தை” என்றாள் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “நாற்பத்தாறு மணி நேரம்னு பாத்தா அந்த ஹாமில்டன் ஆளு என்ன நினைப்பாரு?”

அதை உள்ளேயிருந்து மாசினா கேட்டுவிட்டாள். பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

“குறைச்சிடலாமாம்மா?” என்றாள் தூலியா. “முப்பத்தஞ்சுன்னு போடலாம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு.”

“போட்டுட்டு யாரு செய்யறது? சம்பளம் இல்லாம பதினோரு மணி நேரம் தேரேக்காவைக் குனியச் சொல்லவா? தூள் தூள்தான்டி. யாரு மார்க் போட்டாலும் தூள் அங்கேதான் இருக்கும். நாற்பத்தாறுன்னே போடு.”

தூலியா அப்படியே போட்டாள். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை ஹால் தரை கிடப்பில் கிடந்தது. நாங்கள் எல்லோரும் கறுப்பு உடுத்திக்கொண்டு போனோம். மாசினாவும் அவள் நாத்தனார்களும் பாயை முழுக்க விரித்து, ஆளுக்கொரு முனை பிடித்து, லெமாலு வீட்டு முற்றத்தில் நடந்து வந்தார்கள். அன்று வெயில் அடித்தது, இறகெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. பேனி கோலை ஊன்றிக்கொண்டு நின்று பேசினார். முதுகு அவரைக் கொன்றிருக்கும், ஆனாலும் உட்காரவில்லை. கலேப்போ வாசலில் நின்றான். மாசினாவைப் பார்த்ததும் அவன் முகம் உடைந்துபோயிற்று. திரும்பும்போது எங்களுக்குப் பன்றித்தொடையும் கிழங்கும் கூடை நிறையக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் மாசினா வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கடிதம் வந்தது. மூட்டை ஆக்லாந்து கம்பெனிக்குப் போய்விட்டது. ஏன் என்று விளக்கமும் வைத்திருந்தார்கள், அதில் குறையில்லை. விலை பரவாயில்லை, அனுபவம் மிக நன்று. வேலை நேர மதிப்பீடு: தேவைக்கு மிக அதிகம், காரணம் தெளிவாக இல்லை. அந்த ஒரு இடத்தில்தான் விழுந்திருந்தது. தூலியா அந்தப் பக்கத்தை எழுதும்போது நுரைக்கல் தூளைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தாள். வாசித்த ஹாமில்டன் ஆளுக்கு அது புரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து புரியவைக்கவும் யாருமில்லை.

மாசினா கடிதத்தை மடித்து ரொட்டி டப்பாவின்மேல் வைத்தாள். “சரி, எல்லாருக்கும் நானே போய்ச் சொல்றேன்” என்றாள். வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புதுக் கம்பெனி எங்களில் ஆறு பேரை, சின்ன வயசுக்காரிகளாகப் பார்த்து, எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. என் பெயர் அதில் இல்லை. மாசினாவும் விண்ணப்பிக்கலாம், வலைத்தளத்தில், என்றார்கள்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் கடைசி நாள். சாவிகளை வாங்கிக்கொள்ளக் கவுன்சிலிலிருந்து கலேப்போதான் வந்தான். அதுவரைக்கும் இரண்டு பேரும் கோயிலில் பார்த்து நலம் விசாரித்ததோடு சரி. துடைப்பங்கள் வைக்கிற சின்ன அறையில் நாங்கள் இருந்தோம். மாசினா வளையத்திலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தக் கதவுக்கு எது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். நூலக அறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்கவேண்டும் என்பதைக்கூடச் சொன்னாள்.

எல்லாம் வாங்கியபிறகும் கலேப்போ போகவில்லை. இப்போது மேடம் எல்லாம் இல்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா சொல்ல வாய் வரல.”

“சொல்லுடா.”

“அந்தப் பதினேழாம் கேள்வி. படிச்சதும் நீதான்னு தெரிஞ்சுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அக்கா வெறுங்கையோட வரமாட்டா, வராம இருக்கவும் அவளால முடியாது. எவன் என்ன சொன்னாலும் பாயைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்னு நினைச்சேன். டெண்டரைக் குப்பைல போட்டுடுவாங்க. பன்னெண்டு பேரு பொழப்பு போயிடும். ரெண்டு நாள் தூங்கல. அப்புறம்தான் விலகறேன்னு எழுதிக் குடுத்தேன். உன் டெண்டராவது நிக்கட்டுமேன்னு. கடைசில நான் அங்க இல்லாததுதான்...” கையிலிருந்த சாவிகளைப் பார்த்தான். “நான் செஞ்சது சரியாக்கா? நீ எப்படியும் வந்திருப்பே, இல்ல?”

அந்தக் கேள்வியை இவள் கேட்கவில்லை, தூலியா கேட்டது. இவள் வருவதாகவும் இல்லை. அவன் பேசாமல் குழுவிலேயே இருந்திருந்தால் இவள் அன்றைக்கு ஹாலில் மெழுகு உரித்துக்கொண்டிருந்திருப்பாள். விண்ணப்பம் அப்படியே நின்றிருக்கும். நாற்பத்தாறு மணி நேரம் ஏன் என்று சொல்ல அந்த மேஜையில் ஒரு வாய் இருந்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தால் அவளுக்குத் தெரியாதா? மூன்று தடவை போகமாட்டேன் என்று சொன்னவள் அவள்தானே! நான் மாசினாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வராம எங்கடா போவேன்?” என்றாள் மாசினா. “உங்கப்பாவுக்கு வராம வேற யாருக்கு வருவேன்?”

“எனக்குத் தெரியும்கா” என்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எனக்குத் தெரியும்.”

அவன் போனபிறகு மாசினா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எனக்கு நாக்கு நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அதைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“தேரேக்கா.”

“ம்.”

“தூலியாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. பேனிகிட்டயும்.”

“சொல்லமாட்டேன்” என்றேன்.

எழுந்திருக்கக் கை நீட்டினாள். தூக்கிவிட்டேன். ஒன்றாம் வகுப்புக் கழிப்பிடம் இன்னும் மீதி இருந்தது. இரண்டு பேரும் போய்க் கழுவினோம்.